பென் ட்ரைவ் தோழியின் லப்டொப்பில் பூட் ஆகிறது, எங்கள் பழையதில் ஆகவில்லை

பாடுமீன், கல்லடி:
வணக்கம். அண்ணன் பாவித்த பழைய டெல் லப்டொப். விண்டோஸ் 7 உடன் வாங்கியது, பிறகு 10 போட்டோம். ரேம் 4 ஜிபி. 2025 ஒக்டோபர் 14 உடன் 10க்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, 11ஐ இது ஏற்காது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடப் பார்க்கிறேன். அதன் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டோல் ஃபைல்) ரூஃபஸ் என்ற பூட் பென் செய்யும் மென்பொருளில், பார்ட்டிஷன் ஸ்கீமில் (பென்னைப் பிரிக்கும் முறை) ஜிபிடி தெரிவுசெய்து பென்னில் எழுதினேன். எஃப்12 அழுத்தி யூஎஸ்பியைக் கொடுத்தால் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத்து, அதோடு நிற்கிறது. தோழியின் புது லப்டொப்பில் அதே பென் நன்றாகத் திறக்கிறது. தங்கையின் ஏ/எல் ஸூம் வகுப்பெல்லாம் இதில்தான். யாராவது உதவுங்கள்.

வயலூரான், சம்மாந்துறை:
செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செட்டிங்) நிறுத்திப் பாருங்கள் தங்கச்சி.

கல்முனையான்:
அது 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய விஷயம், விண்டோஸ் 7 காலத்து மெஷினில் பெரும்பாலும் இருக்காது. மின்ட் அது ஆனில் இருந்தாலும் பூட் ஆகும். தங்கச்சி, விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து 'பயோஸ் மோட்' வரியைப் பாருங்கள். என்ன போட்டிருக்கிறது?

பாடுமீன்:
லெகசி.

கல்முனையான்:
அப்ப காரணம் அதுதான். பயோஸ் என்பது மெஷினைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்; லெகசி அதன் பழைய முறை, யூஈஎஃப்ஐ புது முறை. ஜிபிடி கொடுத்தால் ரூஃபஸ் யூஈஎஃப்ஐ மெஷினுக்கு மட்டும்தான் எழுதும். லெகசி பயோஸ் பென்னின் முதல் 512 பைட்டில் பூட் கோட்டைத் தேடும், கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். தோழியின் லப்டொப் யூஈஎஃப்ஐ, அதனால் திறந்தது. பென்னில் பழுதில்லை, புதிது வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீமை எம்பிஆர் (ஜிபிடிக்கு முந்திய பழைய முறை) ஆக்கித் திரும்ப எழுதுங்கள். இது லெகசி, யூஈஎஃப்ஐ இரண்டிலும் பூட் ஆகும்.

ஐஎஸ்ஓவை போன் டேட்டாவில் விட்டுவிட்டு இறக்கினீர்களா? அப்படியென்றால் ரூஃபஸில் ஐஎஸ்ஓ பெயருக்குப் பக்கத்திலுள்ள டிக் பட்டனை அழுத்தி, அது காட்டும் ஷா256ஐ (ஃபைலின் கைரேகை போன்ற நீண்ட எழுத்து வரிசை) மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஃபைல் சரியில்லை.

பாடுமீன்:
ஷா256 சரி. எம்பிஆரில் எழுதினேன், மின்ட் வந்துவிட்டது அண்ணா! வைஃபையும் பிடிக்கிறது. இன்ஸ்டோல் கொடுக்கவா?

கல்முனையான்:
பொறுங்கள். 'ஈரேஸ் டிஸ்க்' கொடுத்தால் ஹார்ட் டிஸ்கில் உள்ள அத்தனையும் போய்விடும். தங்கையின் நோட்ஸ், வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் முதலில் வேறொரு ட்ரைவில் கொப்பி பண்ணுங்கள். இன்ஸ்டோல் செய்யாமலே, பென்னிலிருந்து ஓடும் மின்டில் ஃபயர்ஃபொக்ஸைத் திறந்து கேமராவும் மைக்கும் வேலை செய்கிறதா பாருங்கள். வகுப்புக்கு அதுதானே முக்கியம்.

வயலூரான், சம்மாந்துறை:
பழைய பட்டரி என்றால் சார்ஜரைக் கழற்றாமல் செய்யுங்கள்.