புனர்பூசத்துப் பொலக்ஸைச் சுற்றும் கோளுக்கு ஆதாரம் என்ன?

முல்லைத்தீவு மாணவன்:
மாசி மாத முன்னிரவில் எங்கள் வயல்வெளியில் நின்று பார்த்தால், உச்சிக்குச் சற்று வடக்கே புனர்பூசத்தின் இரண்டு வெள்ளிகளும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றுள் செம்மஞ்சளாக ஒளிரும் பொலக்ஸை ஒரு பெரிய கோள் சுற்றுவதாகப் படித்தேன். எவரும் நேரில் காணாத அந்தக் கோளை எவ்வாறு அறிந்தார்கள்? சூரியனைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு ஆரையுள்ள, முதுமையில் பருத்த அரக்க விண்மீன் அதனை விழுங்காமல் விட்டது எப்படி?

கிளிநொச்சி ஆசிரியர்:
தம்பி, உயர்தரப் பௌதிகவியலில் நீங்கள் படிக்கும் டொப்ளர் விளைவுதான் விடை. கோளும் விண்மீனும் பொதுவான திணிவு மையத்தைச் சுற்றுவதால் விண்மீன் எங்களை நெருங்குவதும் விலகுவதுமாக அசைகிறது. அப்போது அதன் திருசியத்திலுள்ள, அதாவது ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறப்பட்டையிலுள்ள கருங்கோடுகள் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி நகர்கின்றன. பொலக்ஸில் இந்த அசைவின் வேகம் செக்கனுக்கு 40 மீற்றர் அளவுதான். 34 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒன்றில் அதனை அளந்ததே எனக்குப் பெரும் வியப்பு. இந்த மாற்றம் 1993 அளவிலேயே அவதானிக்கப்பட்டிருந்தும், அதற்குக் காரணம் கோள்தான் என்று உடனே முடிவு கட்டவில்லை. ஏனெனில் அரக்க விண்மீன்களின் மேற்பரப்பு தானாகவே துடிக்கும், அதிலுள்ள புள்ளிகள் சுழன்று வரும்போதும் கோடுகள் இவ்வாறே நகர்வதாகத் தோன்றும். ஏறக்குறைய 25 ஆண்டுகால அளவீடுகளில் 590 நாளை ஒட்டிய ஒரே ஆவர்த்தன காலம் குலையாமல் வந்ததைக் கண்ட பின்னரே, 2006இல் கோள் என்று அறிவித்தார்கள். அதன் திணிவு குறைந்தது வியாழனைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேல். சுற்றுத்தளத்தின் சாய்வு தெரியாததால் இதற்கு மேல் திட்டமாகச் சொல்ல முடியாது.

விழுங்கப்படாததற்குக் காரணம் தூரம். பொலக்ஸின் ஆரை, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தில் 24இல் ஒரு பங்கு அளவே. கோளோ அத்தூரத்தின் 1.6 மடங்குக்கு அப்பால் சுற்றுகிறது.

வவுனியா வாசகர்:
ஆசிரியர் ஐயா கூறிய முறை சரியே. முடிவில்தான் எனக்குத் தயக்கம். பொலக்ஸின் காந்தப்புலமும் கோளின் காலத்துக்கு நெருங்கிய காலத்தில் ஏறி இறங்குவதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் கோடுகளின் நகர்வுக்குக் காந்தப்புலமே காரணமாகவும் இருக்கலாம். இன்னோர் அரக்க விண்மீனான ரோகிணியைச் சுற்றுவதாக 2015இல் அறிவித்த கோளும் 2019இல் ஐயத்துக்குள்ளானது. ஆகவே அரக்க விண்மீன்களைப் பொறுத்தவரை, நீண்டகால ஒழுங்கு மட்டும் போதிய சான்றாகாது.

கிளிநொச்சி ஆசிரியர்:
நியாயமான ஐயம். எனினும் அந்தக் காந்தப்புலம் மிக மெலிந்தது. அதனால் மட்டும் பல பத்தாண்டுகளாக ஒரே அளவான அசைவு நீடிக்கும் என்பதை ஏற்பது கடினம். ஆதலால் நான் இன்னும் கோளின் பக்கமே சாய்கிறேன்.