ஷெட்யூலிங் மென்பொருள் பழகுவது எப்படி: தேதியைத் தட்டாதீர்கள்

உறவுகளுக்கு வணக்கம்.

ப்ராஜெக்ட் மென்பொருளை எங்கே பிடித்துத் தொடங்குவது என்று தம்பிமார் சிலர் கேட்டிருந்தார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டும் காணொளிகள் ஏராளம். அவற்றில் அவ்வளவாகச் சொல்லப்படாததை மட்டும் எழுதுகிறேன்.

இது படம் வரைகிற மென்பொருள் இல்லை, கணக்குப் போடுகிற மென்பொருள். நாம் கொடுக்க வேண்டியவை மூன்று: ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நாள், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்ற தொடர்பு, வேலை நாள்களின் காலண்டர். தேதி என்பது அது நமக்குச் சொல்கிற விடை. எக்செல் பழக்கத்தில் வருகிறவர்கள் ஸ்டார்ட், ஃபினிஷ் பத்திகளில் நேராகத் தேதியைத் தட்டுகிறார்கள். பாதி வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் ஆட்டோ ஷெட்யூலில் (மென்பொருளே தேதியைக் கணக்கிடும் நிலையில்) இருக்கும் வேலையின் ஸ்டார்ட் கட்டத்தில் தேதியைத் தட்டினால், 'இதற்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாட்டை அது சத்தமில்லாமல் அந்த வேலையின் தலையில் ஏற்றிவிடும். ஃபினிஷ் கட்டத்தில் தட்டினால் 'இதற்கு முன் முடியாதே'. பிறகு முந்தைய வேலை ஒரு வாரம் முன்னதாக முடிந்தாலும் இது இருந்த இடத்தை விட்டு நகராது. இடது ஓரக் குறிப்புப் பத்தியில் சின்னக் காலண்டர் படம் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த வேலையை இரட்டைக் கிளிக் செய்து, அட்வான்ஸ்டு தாவலில் கன்ஸ்ட்ரெய்ன்ட் டைப்பை 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்று மாற்றுங்கள். கெடு உண்மையிலேயே இருந்தால் அதே தாவலில் உள்ள டெட்லைன் கட்டத்தில் போடுங்கள். அது வேலையைக் காட்டும் பட்டையை இழுத்துப் பிடிக்காது. கெடு தாண்டினால் சிவப்புக் குறி மட்டும் காட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. 2010 பதிப்பிலிருந்து புது வேலைகள் தாமாகவே மேனுவல் ஷெட்யூலில்தான் (தேதியை நாமே வைக்கும் நிலையில்தான்) பிறக்கின்றன. அந்த நிலையில் லிங்க் (வேலைகளுக்கிடையே தொடர்பு) போட்டாலும் பின்னால் வரும் மாற்றங்களுக்கு ஏற்ப வேலை நகராது. திரையின் அடிப்பட்டியில் 'நியூ டாஸ்க்ஸ்' என்று இருப்பதைக் கிளிக் செய்து ஆட்டோவுக்கு மாற்றிவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும்.

இப்போது காகிதத்தில் ஒரு கணக்கு. மென்பொருளைத் திறக்காமல் இதைப் போட்டுப் பாருங்கள். ஓர் அலுவலகத்தை வேறு தளத்துக்கு மாற்றுகிறார்கள்:

தள வரைபடம் – 3 நாள்
மின்கம்பி வேலை – 5 நாள் (வரைபடம் முடிந்ததும்)
கணினிக் கேபிள் – 4 நாள் (மின்கம்பி முடிந்ததும்)
பெயிண்ட் – 2 நாள் (கேபிள் முடிந்ததும்)
மேசை நாற்காலி ஆர்டர் கொடுத்து வந்து சேர – 10 நாள் (வரைபடம் முடிந்ததும்)
மேசை பூட்டுவது – 2 நாள் (பெயிண்டும் முடிந்து, மேசையும் வந்ததும்)
கணினி மாற்றிச் சோதிப்பது – 1 நாள் (மேசை பூட்டியதும்)

முன்னோக்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். மின்கம்பி 8ஆம் நாள் முடியும், கேபிள் 12, பெயிண்ட் 14. மேசை 13ஆம் நாளே வந்துவிடும், ஆனாலும் பெயிண்டுக்காகக் காத்திருக்கும். பூட்டி முடிப்பது 16, மொத்தம் 17 நாள். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கழித்து வந்தால் மேசை ஆர்டருக்கு மட்டும் 1 நாள் ஸ்லாக் (கடைசித் தேதியைத் தொடாமல் தாமதமாகக்கூடிய நாள்), மற்ற எல்லாவற்றுக்கும் பூஜ்யம். அந்தப் பூஜ்ய வரிசைதான் கிரிட்டிகல் பாத். டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 1957இல் இந்த முறைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்றைய மென்பொருளின் வயிற்றுக்குள் ஓடுவதும் இதே கூட்டல் கழித்தல்தான்.

இனி சுவையான பகுதி. கூடுதல் காசு கொடுத்து மின்கம்பி வேலையை 5 நாளிலிருந்து 3 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். பெயிண்ட் 12ஆம் நாள் முடிந்துவிடும். மேசை வருவதோ 13ஆம் நாள்தான். ஆகவே மொத்தம் 16 நாள். 2 நாளுக்குக் காசு கொடுத்து 1 நாள்தான் வாங்கியிருக்கிறீர்கள். கிரிட்டிகல் பாத் மேசை ஆர்டருக்குத் தாவிவிட்டது. பட்டைகளை வெறுமனே வரைந்து வைத்திருந்தால் இது கண்ணில் படவே படாது. அதனால் 'டோட்டல் ஸ்லாக்' பத்தியை எப்போதும் திறந்தே வைத்திருங்கள். பூஜ்யம் மட்டுமல்ல, 1, 2 என்று நிற்பவையும் நாளைய தலைவலிகள்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெயிண்ட் காயும் நேரத்தை மேலே விட்டுவிட்டேன். அதைத் தனி வேலையாகப் போடலாம், அல்லது லிங்கில் லேக் (இரண்டு வேலைகளுக்கு நடுவே காத்திருக்கும் நாள்) கொடுக்கலாம். சனி, ஞாயிறு விடுமுறை உள்ள காலண்டரில் பெயிண்ட் வெள்ளி மாலை முடிகிறது. சாதாரண 1 நாள் லேக் கொடுத்தால் திங்கள் முழுவதும் 'காய்ந்து', செவ்வாய்தான் மேசை பூட்டத் தொடங்கும். பெயிண்டுக்கு ஏது விடுமுறை? 'எலாப்ஸ்டு டே' (விடுமுறையையும் சேர்த்து எண்ணும் நாள்) என்று கொடுத்தால் சனிக்கிழமையே காய்ந்து, திங்கள் காலை வேலை தொடங்கும். கான்கிரீட் இறுகுவதற்கும் இதே வழி. பிரிமாவெரா பி6 என்ற இன்னொரு ஷெட்யூலிங் மென்பொருளில் லேக் எந்தக் காலண்டரில் ஓட வேண்டும் என்பதை ஷெட்யூல் ஆப்ஷன்ஸில் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே 24 மணி நேரக் காலண்டரும் உண்டு.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டின் காலண்டரில் இன்னொரு கண்ணி. 'சேஞ்ச் வொர்க்கிங் டைம்' (காலண்டரில் வேலை நேரத்தைக் குறிக்கும் இடம்) என்பது ஒன்று. ஆப்ஷன்ஸில் இருக்கும் 'ஹவர்ஸ் பெர் டே' (1 நாள் என்றால் எத்தனை மணி என்ற கணக்கு) என்பது வேறொன்று. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. காலண்டரில் நாளுக்கு 7 மணி நேரம் வைத்துவிட்டு இதை 8ஆகவே விட்டால், 1 நாள் வேலை மறுநாளுக்குள் ஒரு மணி நேரம் வழியும். கால அளவுப் பத்தியில் 1.13 நாள் போன்ற கோணல் எண்கள் எட்டிப் பார்த்தால் முதலில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆள் ஒதுக்குவதில் ஒரே சூத்திரம்: வேலை = காலம் × யூனிட் (ஒதுக்கிய ஆள் அளவு). ஒருவர் 5 நாள் என்றால் 40 மணி. பிறகு இரண்டாமவரைச் சேர்த்தால் காலம் பாதியாகும் என்று நினைப்போம். ப்ராஜெக்டின் வழக்கமான அமைப்பில் காலம் 5 நாளாகவே நிற்கும், வேலை 80 மணியாகிவிடும். 'எஃபர்ட் ட்ரிவன்' டிக் போட்டிருந்தால்தான் இரண்டரை நாளாகும். இரண்டும் தவறல்ல; எது வேண்டுமென்று ஆளைச் சேர்க்கும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். லெவலிங் (ஒருவர்மேல் ஒரே நேரத்தில் கூடுதல் வேலை விழாதபடி வேலைகளைத் தள்ளிவைப்பது) பொத்தானை அழுத்துமுன் கோப்பை நகலெடுத்து வையுங்கள், அது எதை எங்கே தள்ளியது என்று ஒப்பிட உதவும். எல்லாம் ஒழுங்கான பிறகே பேஸ்லைன் (பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கச் சேமித்து வைக்கும் முதல் திட்டம்).

ஷெட்யூல் கெட்டுப்போவது பெரும்பாலும் வாராந்திர அப்டேட்டில்தான். நம் உதாரணத்தில் 8ஆம் நாள் மாலை மின்கம்பி முடிந்திருக்க வேண்டும். கேட்டால் '80 சதவீதம் முடிந்தது' என்பார்கள். 80ஐத் தட்டிப் பாருங்கள்: மீதி ஒரு நாள் வேலையை மென்பொருள் 8ஆம் நாளிலேயே, அதாவது கடந்துபோன நாளிலேயே வைத்துவிட்டு, கடைசித் தேதியைத் தொடாமல் 17 என்றே காட்டும். உண்மையான தொடக்கத் தேதியைத் தராவிட்டால் திட்டமிட்ட அன்றே தொடங்கியதாகவும் எடுத்துக்கொள்ளும். ஆகவே சதவீதம் கேட்காதீர்கள். 'எப்போது தொடங்கினீர்கள், இன்னும் எத்தனை நாள் வேண்டும்?' என்று கேளுங்கள். '3 நாள்' என்று பதில் வந்தால் அப்டேட் டாஸ்க்ஸ் பெட்டியில் ஆக்சுவல் 5, ரிமைனிங் 3 என்று கொடுங்கள். மின்கம்பி 11ஆம் நாளுக்குப் போகும், மொத்தம் 20 ஆகும். பின்தங்கிய மற்ற வேலைகளுக்கு ஸ்டேட்டஸ் டேட் (எந்த நாள் வரையிலான நிலவரம் என்ற தேதி) வைத்து, அப்டேட் ப்ராஜெக்டில் முடியாத வேலையை அந்தத் தேதிக்குப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். பி6இல் இதே போன்ற டேட்டா டேட்டை மாற்றி எஃப்9 அழுத்தினால் மீதி வேலை தானாகவே அதற்குப் பின்னால் போய்விடும். எஃப்9 அழுத்த மறந்தால் திரையில் பார்ப்பது பழைய கணக்கு.

எந்த மென்பொருள்? கட்டுமானம், எண்ணெய், மின் நிலையம் பக்கம் போகிறவர்கள் பி6; மற்றவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட். பழகுவதற்குக் காசு வேண்டாமென்றால் ப்ராஜெக்ட்லிப்ரே போதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒன்றில் தர்க்கம் பிடிபட்டால் மற்றது இரண்டு வாரப் பழக்கம்தான்.

பேஸ்லைன் போடுமுன் மூன்று சோதனைகள். முதல் வேலையையும் கடைசி வேலையையும் தவிர எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். தொங்கலாக நிற்கும் வேலை எவ்வளவு தாமதமானாலும் யாருக்கும் சொல்லாது. இரண்டாவது, சம்மரி வரிகளில் (பல வேலைகளைத் தொகுத்துக் காட்டும் தலைப்பு வரிகளில்) லிங்க் போட்டிருந்தால் அவிழ்த்து உள்ளே இருக்கும் வேலைகளுக்கு மாற்றுங்கள். மூன்றாவது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த மேலாண்மை முகமை தன் 14 அம்சச் சோதனையில் வைத்திருப்பது: கிரிட்டிகல் பாத்தில் உள்ள ஒரு வேலையின் காலத்தை 600 நாள் கூட்டுங்கள். கடைசித் தேதியும் அதே அளவு தள்ளிப்போனால் சங்கிலி முழுதாக இருக்கிறது. போகவில்லையென்றால் இடையில் எங்கோ லிங்க் அறுந்திருக்கிறது, அல்லது யாரோ தேதியைத் தட்டியிருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் மறக்காமல் கண்ட்ரோல் இசட். 600 நாளோடு கோப்பை மேலாளருக்கு அனுப்பிவிட்டால் விளக்கம் சொல்வது கஷ்டம்.

மேலே உள்ள ஏழு வேலைகளையும் போட்டுப் பார்த்து 17 வராதவர்கள் தங்கள் கோப்பைக் குழுவில் இணைத்துப் போடுங்கள். ப்ரிடிசசர் (முந்தைய வேலை), டோட்டல் ஸ்லாக், கன்ஸ்ட்ரெய்ன்ட் டைப் மூன்று பத்திகளும் திறந்திருக்கட்டும், பார்ப்பவர்களுக்குச் சுலபம்.