கோலாலம்பூரில் வீடு பார்க்கப் போனால் காதையும் கூட்டிக்கொண்டு போங்கள்

பிரிக்பீல்ட்ஸில் என் முதல் வீட்டைப் பார்க்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அமைதியோ அமைதி. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம், தெருமுனையில் வாழையிலைச் சாப்பாடு. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். கீழே உள்ள மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) விடிய விடியத் திறந்திருக்கும் என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்கள் இங்கே நள்ளிரவிலும், சில நாள் அதிகாலை மூன்று மணிக்கும் தொடங்கும். கோல் விழுந்தால் எட்டாவது மாடியில் நானும் எழுந்து உட்காருவேன்.

உயரத்துக்குப் போனால் சத்தம் வராது என்று நம்பாதீர்கள். கீழ் மாடிகளுக்கு மரமோ மதிலோ மறைப்பாக இருக்கும். மேலே போனால் நெடுஞ்சாலை நேராகத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற சாலை காதுக்கும் கேட்கும். அதனால் கையெழுத்துப் போடுமுன் இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பால்கனியில் நில்லுங்கள். ஏஜெண்ட் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கட்டப்போவது நீங்கள்தானே. லிஃப்டில் ரெனோவேஷன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேல் வீட்டில் டைல்ஸ் உடைக்கிற மாதத்தில் குடிபோவதைப் போல் ஒரு தண்டனை கிடையாது.

ஏற்கெனவே குடிவந்தாகிவிட்டதா? சரி. காற்று நுழைகிற இடத்தில் சத்தமும் நுழையும், அங்கிருந்து தொடங்குங்கள். ஜன்னல் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. தள்ளுகிற பால்கனிக் கதவுதான் பெரும்பாலும் குற்றவாளி, அடுத்தது வாசல் கதவின் அடிப்பக்கம். ஹார்ட்வேர் கடையில் ஒட்டுகிற ரப்பர் பட்டையும் கதவடியில் பொருத்துகிற பட்டையும் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். பழைய ஃப்ளாட்டுகளில் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய ஜன்னல் இருக்கும். அது முழுதாக மூடவே மூடாது, வீட்டுக்காரரிடம் பேசி மாற்றினால்தான் உண்டு.

தடித்த திரைச்சீலையில் காசைக் கொட்டாதீர்கள், நான் கொட்டியவன். அறைக்குள் எதிரொலி குறையும், கீச்சென்ற சத்தம் கொஞ்சம் மழுங்கும். லாரி, மோட்டார் சைக்கிளின் உறுமல் அதைச் சட்டை செய்யாது. சுவரில் ஒட்டுகிற ஸ்பாஞ்சும் அப்படியே. சத்தத்தைத் தடுப்பது கனமும் இடுக்கில்லாத அடைப்பும்தான். வாடகை வீட்டில் ஜன்னல் கண்ணாடியை மாற்ற முடியாது, ஆனால் சாலைப் பக்கத்து அறையை ஹாலாக்கிவிட்டு உள்பக்கம் படுக்கலாம். ஜன்னலை அடைத்தால் ஏர்கான் ஓடும், கரண்ட் பில்லையும் கணக்கில் சேருங்கள். பாதி இரவுகளில் எனக்குக் கைகொடுத்தது மின்விசிறியின் இரைச்சல்தான்.

மேல் வீட்டுச் சத்தம் வேறு ஜாதி. நாற்காலி இழுப்பதும் இடிப்பதும் கான்கிரீட் வழியாகவே இறங்கும். உங்கள் கூரையில் எதை ஒட்டியும் பெரிய பயன் இல்லை, மேல் வீட்டுத் தரையில் ஏதாவது விரித்தால்தான் அடங்கும். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா மேலாண்மைச் சட்டத்தின்படி இயங்கும் நிர்வாகம் உங்கள் கட்டடத்தில் இருக்கும், அதன் விதிகள் வாடகைக்கு இருப்பவரையும் கட்டுப்படுத்தும். தேதி, நேரம் குறித்து மேனேஜ்மெண்ட் ஆபிஸில் எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் முதல் நாளே அதைச் செய்யாதீர்கள்.

என் மேல் வீட்டில் தினமும் இரவு பத்து மணிக்கு டொக் டொக். இரண்டு வாரம் பல்லைக் கடித்துவிட்டு மேலே போனேன். கதவைத் திறந்தது ஒரு தமிழ் ஆன்ட்டி, கையில் சம்பல் இடிக்கிற உலக்கை. “ஐயோ, கீழ கேக்குதா தம்பி? முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார். மறுநாளிலிருந்து கல்லுக்கு அடியில் மடித்த பழைய துண்டு. சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. அன்று நான் படியிறங்கும்போது கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, காலையில அஞ்சரை மணிக்குச் சட்னி அரைக்கிறது நீங்கதானே?”