பொருள்: ப்ராக்ரஷன்-ஃப்ரீ சர்வைவல் – "முற்றாக் காலம்" வேண்டாமே

அண்ணாச்சிக்கு வணக்கம்.

புற்றுநோயாளி கையேட்டு வரைவில் ப்ராக்ரஷன்-ஃப்ரீ சர்வைவலுக்கு (நோய் கூடாமல் ஒருவர் உயிரோடிருக்கும் காலம்) ஓரிடத்தில் "நோயற்ற வாழ்நாள்" என்றும் இன்னோரிடத்தில் "நோய் முற்றாக் காலம்" என்றும் இருக்கிறது. முதலாவது பிழை. அறுவைக்குப் பின் கட்டியே இல்லாமல் ஆனவர்களுக்குக் கணக்கிடுவது அது. இங்கே கட்டி உடம்பில் இருக்கிறது, மருந்துக்கு அடங்கிக் கிடக்கிறது.

இரண்டாவது அகராதிப்படி சரி. ஆனால் நம்மூரில் "முத்திட்டு" என்றால் இனி வைத்தியமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றாகிவிடும். ப்ராக்ரஷன் அதுவல்ல. கட்டி மருந்துக்கு எப்படி மாறுகிறது என்று ஸ்கேனில் அளக்கும் ரெசிஸ்ட் 1.1 விதிப்படி, அளக்கத் தேர்ந்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்ட வேண்டும். மொத்தம் 5 கட்டிகளுக்கு மேல் கூடாது, ஓர் உறுப்புக்கு 2. அந்தக் கூட்டுத்தொகை இதுவரை கண்ட மிகக் குறைந்த அளவைவிட 20 சதவீதமாவது, அதோடு 5 மி.மீ.யாவது ஏறினால் ப்ராக்ரஷன். தொடக்கத்தில் 80 மி.மீ., மருந்துக்குப் பின் 50, அடுத்த சி.டி.யில் 61 என்றால் ப்ராக்ரஷன்தான். 80-ஐவிட 61 குறைவுதானே என்று குடும்பத்தார் கேட்பார்கள். ஒப்பிட வேண்டியது 50-உடன். இவருக்கு அடுத்த வரிசை மருந்து இருக்கலாம். "முற்றியது" என்று எப்படி எழுதிக் கொடுப்பது?

என் பரிந்துரை: வளர்ச்சியிலா உயிர்வாழ்காலம்.

– கதிரியல், பாளையங்கோட்டை

> வளர்ச்சியிலா உயிர்வாழ்காலம்

"வளர்ச்சி" பிள்ளைக்கும் பயிருக்கும் சொல்வது. அது போகட்டும். பழைய கட்டிகள் அப்படியே இருக்க, ஈரலில் ஐயமில்லாத புதுக் கட்டி ஒன்று தெரிந்தாலும் ப்ராக்ரஷன்தானே? வளர்ச்சி அளவை மட்டும் சொல்கிறது. ஆற்றில் தண்ணி பெருகுது என்கிறோம், எலி பெருகிட்டு என்கிறோம். அளவும் எண்ணிக்கையும் "பெருக்க"த்தில் அடங்கும். "நோய் பெருகாக் காலம்" போதும். "உயிர்வாழ்" எதற்கு, நீளம்தான் கூடுகிறது.

– மொழிபெயர்ப்பு, தென்காசி

> "உயிர்வாழ்" எதற்கு

கட்டாயம் வேண்டும். நோய் பெருகும் முன்னே, எந்தக் காரணத்தாலாவது ஒருவர் இறந்தால் இந்தக் கணக்கில் அதுவும் ஒரு நிகழ்வு. சொல்லை விட்டால் டைம் டு ப்ராக்ரஷன் (நோய் பெருகும்வரையான காலம்) ஆகிவிடும். அதில் அப்படி இறந்தவர் நிகழ்வாக எண்ணப்படமாட்டார். உங்கள் "நோய் பெருகாக் காலம்" அதற்குக் கச்சிதம். இதற்கு "நோய் பெருகா உயிர்வாழ்காலம்" என்போம்.

கையேட்டில் ஒரு வரி சேருங்கள்: பெருகிய நாளாகப் பதிவாவது ஸ்கேனில் அது தெரிந்த நாள். 8 வாரத்துக்கொரு முறை ஸ்கேன் எடுத்த ஆய்வையும் 12 வாரத்துக்கொரு முறை எடுத்ததையும் பக்கத்தில் வைத்து மாதக்கணக்கை ஒப்பிடக் கூடாது. ஸ்கேன் தள்ளிப்போனால் காலம் நீண்டதுபோல் தெரியும்.

– புள்ளியியல், வள்ளியூர்

இரண்டுமே சம்மதம். அப்படியானால் சூடோ-ப்ராக்ரஷன் "பொய்ப்பெருக்கம்" ஆகலாம். பொய்க்கால், பொய்ப்பல் வரிசையில் இயல்பாக உட்காரும். இம்யூனோதெரபியில் (உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் புகுந்து அதை வீங்க வைப்பதால் வருவது. இம்யூனோதெரபிக்கென 2017-இல் வந்த ஐ-ரெசிஸ்ட் விதி முதல் ஏற்றத்தை உறுதிப்படாப் பெருக்கம் என்று குறித்துவிட்டு, 4 முதல் 8 வாரத்தில் மறுபடி படம் எடுக்கச் சொல்கிறது. அப்போதும் ஏறினால் உறுதிப்பட்ட பெருக்கம்.

விளக்கத்தில் "அரிது" என்று தடித்த எழுத்தில் போடுங்கள். பெரும்பாலும் ஏற்றம் மெய்யான ஏற்றம்தான். எடை குறைந்து, மூச்சு வாங்கி, படுக்கையில் விழுந்தவரிடம் பொய்ப்பெருக்கமாக இருக்கும் என்று சொல்லி 8 வாரம் காக்க வைக்கக் கூடாது.

– கதிரியல், பாளையங்கோட்டை