புதுப்பிப்பு: காபி சாக்கு, பஞ்சுக் கழிவில் இசை அறைப் பலகை

ஏற்காட்டு காபி சாக்கும் சேலத்துப் பஞ்சுக் கழிவும் வைத்து 2 அங்குலப் பலகை செய்து, இசை அறையின் எதிரொலியை அடக்கச் சுவரோடு ஒட்டலாம் என்று முதல் பதிவில் இருந்தது. அதைத் திருத்த வேண்டும். அந்தக் கனம் ஜால்ராவின் கூச்சலைத்தான் அடக்கும். தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது கீழ்ச்சுருதி எழும் பக்கம், அப்படியே இரையும்.

புதிய அளவு: 4 அடிக்கு 2 அடி ரீப்பர் மரச் சட்டம், 4 அங்குல ஆழம். உள்ளே மூன்றரை முதல் 4 கிலோ பஞ்சு. சுவருக்கும் பலகைக்கும் இன்னொரு 4 அங்குலம் இடைவெளி. மொத்தம் 20 செ.மீ.; ஒலி அலை நீளத்தில் கால் பங்கு ஆழம் வேண்டும் என்ற கணக்கில், உச்ச ஒலியிலிருந்து கீழே சுமார் 430 ஹெர்ட்ஸ் வரை ஒலியை நன்றாக இழுக்கும். அதற்குக் கீழே உள்ள ஒலிக்கு அறை மூலைகளில்தான் கனம் கூட்ட வேண்டும்.

பஞ்சு சும்மா திணித்தால் சில மாதத்தில் அடியில் இறங்கி, மேலே வெறும் சாக்குதான் நிற்கும். பழைய வேட்டித் துணி இரண்டுக்கு நடுவே பரப்பி, 6 அங்குலத்துக்கு ஒரு தையல், கோணி ஊசியால்.

தீ விஷயம் முன்பு விட்டுப்போனது, அது பெரிய தவறு. லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் (போராக்ஸ்) 70 கிராம், போரிக் அமிலம் 30 கிராம். பஞ்சு, சாக்கு இரண்டையும் நனைத்துக் காயவிடுங்கள். துண்டு ஒன்றை வெளியில் கொளுத்திப் பார்த்த பிறகே மாட்டுங்கள். ஏற்காட்டுப் பனியில் இது காயாது, பூஞ்சை பிடிக்கும். சேலம் வெயிலில் காயவைத்து மேலே கொண்டுபோவது உத்தமம்.

இதற்குப் பதில் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா? வேண்டாம்.