கூகுள் ட்ரெண்ட்ஸ்ல ‘டாக்டர் ஹூ’ போட்டா 2020-ல ஒரு மலை வருது, எதனால? (உதவி தேவை)

வடசேரி_வாசகி
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்ல எம்.எஸ்சி. புள்ளியியல் ரெண்டாம் வருசம் படிக்கேன். ரொம்ப காலமா ஓடுற ஒரு சயின்ஸ் ஃபிக்ஷன் தொடருக்கு ரசிகர் ஆர்வம் எவ்வளவுன்னு அளக்கணும், அதாக்கும் புராஜெக்ட். நான் எடுத்தது பிபிசியோட டாக்டர் ஹூ. 1963 நவம்பர் 23-ல தொடங்கி, 1989-ல நின்னு, 2005-ல திரும்ப வந்தது.

மூணு இடத்துல மாட்டிக்கிட்டேன்.

கூகுள் ட்ரெண்ட்ஸ்ல (எந்த வார்த்தையை எப்போ எவ்வளவு தேடினாங்கன்னு காட்டுற கூகுள் பக்கம்) தொடர் பேரை இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தையா அடிச்சு, தமிழ்நாடு, 2004 முதல்னு போட்டேன். 2020 மார்ச், ஏப்ரல்ல மலை மாதிரி ஏறுது. ஆனா அந்த சீசன் மார்ச் 1-ஓட முடிஞ்சாச்சு, அடுத்த எபிசோடு 2021 ஜனவரி 1-ல தான். ஒண்ணும் ஓடாத மாசத்துல யாரு தேடினா? ‘ஊரடங்குல உக்காந்து பாத்தாங்க’ன்னு எழுதிரலாம்னு பாத்தேன், மனசு ஒப்பல.

அடுத்தது, ஸ்டார் ட்ரெக்னு இன்னொரு சயின்ஸ் ஃபிக்ஷன் தொடரைத் தனியா டவுன்லோட் பண்ணினா அதுக்கும் உச்சம் 100. அப்போ ரெண்டுக்கும் ஒரே ஆர்வமா?

மூணாவது, ஒரு ரசிகர் வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்ம் விட்டேன். 58 பேர் நிரப்பினாங்க. சராசரி 5-க்கு 4.8. கைடு மேடம் ‘எல்லாத்தையும் சேத்து ஒரே எண்ணா கொண்டு வா’ன்னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை ரிவ்யூ.

குளச்சல்_காத்து
ஊரடங்கு தான், வேற என்ன. 100னா அந்த மாசம் 100 ஆயிரம் பேர் தேடினதா இருக்கும்.

தக்கலை_அண்ணாச்சி
குளச்சல் தம்பி, தெரியாததை அடிச்சு விடாண்டாம். 100ங்கிறது ஆள் கணக்கே இல்ல. நீங்க எடுத்த ஊர்லயும் காலத்துலயும் மொத்தத் தேடல்ல அந்த வார்த்தைக்கு எவ்வளவு பங்கு, அந்தப் பங்கு எப்போ உச்சமோ அதை 100-னு வச்சு மத்ததைச் சுருக்கிக் காட்டும். தனித்தனியா எடுத்தா எதுக்கும் 100 வரும். வாசகி மக்களே, ரெண்டையும் ஒரே வரைபடத்துல போட்டு ஒப்பிடணும்.

மலைக்கு வாரேன். சர்ச் டெர்ம்னு, அதாவது வெறும் தேடல் வார்த்தையா அடிச்சா, அந்த ரெண்டு வார்த்தையும் இருக்கிற எல்லாத் தேடலும் உள்ள வந்திரும், முன்ன பின்ன மாறி இருந்தாலும் சரி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் அதுக்குக் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தோட சுருக்கப் பேரும் ‘ஹூ’ங்கிற அதே மூணு இங்கிலீஷ் எழுத்துதானே (WHO)! 2020 மார்ச்ல அந்தப் பேரையும் டாக்டரையும் சேத்துத் தேடாதவன் யாரு? ‘இன்ன நோயைப் பாக்குற டாக்டர்’னு இங்கிலீஷ்ல அடிச்சாலும் இதே ரெண்டு வார்த்தைதான். பேரை அடிக்கும்போது கீழே ‘டிவி நிகழ்ச்சி’ன்னு ஒரு வரி வருமில்லா, அதைத் தொட்டு எடுத்துப் பாருங்க.

இன்னொண்ணு. படத்துல 2016 ஜனவரி, 2022 ஜனவரி பக்கம் ஒரு குறிப்பு நிக்கும். தரவு சேக்குற முறையை அப்போ மாத்தியிருக்காங்க. அங்க படி மாதிரி ஏறினா ரசிகர் கூடிட்டாங்கன்னு எழுதிராதீங்க.

களியக்காவிளை_டவர்
மாவட்ட அளவுல வேணும்னு கேட்டா கிடைக்காது, மாநிலம், நகரம் வரைக்கும் தான். அதுலயும் கேரள எல்லையில இருக்கிற நம்ம ஊரு தனிக் கூத்து. வீட்டுத் திண்ணையில இருந்தா என் போன் திருவனந்தபுரம்னு காட்டும், அடுக்களைக்குப் போனா சென்னை. என் தேடல் எந்தக் கணக்குல ஏறுதோ!

வடசேரி_வாசகி
அண்ணாச்சி, டிவி நிகழ்ச்சியா எடுத்தேன், மலை கரைஞ்சு போச்சு! ஆனா தமிழ்நாட்டுக்கு இப்போ பாதிக்கு மேல பூஜ்யம். நேத்து எடுத்ததுக்கும் இன்னைக்கு எடுத்ததுக்கும் எண் கொஞ்சம் மாறுது வேற.

தக்கலை_அண்ணாச்சி
பூஜ்யம்னா யாருமே தேடலன்னு இல்ல, காட்டுற அளவுக்கு இல்லன்னு அர்த்தம். எண் மாறுறது, அவங்க மொத்தத்துல இருந்து ஒரு சாம்பிள் எடுத்துக் கணக்குப் போடுறதால. நாலஞ்சு நாள் எடுத்து சராசரி போடுங்க. துணைக்கு விக்கிப்பீடியா பக்கப் பார்வையையும் பாருங்க. 2015 ஜூலை முதல் நாள்வாரியா உண்மையான எண்ணிக்கை கிடைக்கும். ஆனா அது மொழி வாரி, நாடு வாரி இல்ல.

அந்த 4.8-ஐ மறந்திருங்க. கோட்டாறு சவேரியார் திருவிழாப் பந்தல்ல நின்னு ‘திருவிழாவுக்கு வருவியளா’ன்னு கேட்ட கதை அது.

குழித்துறை_டார்டிஸ்
நான் இந்தத் தொடருக்குப் பைத்தியம், அதனால சொல்லுகேன். ஒரே எண்ணுக்கு ஒத்துக்காதீங்க. 1989-க்கும் 2005-க்கும் நடுவுல 1996-ல வந்த ஒரு டெலிஃபிலிம் தவிர புதுசா முழு எபிசோடுன்னு டிவியில ஒண்ணும் இல்ல. ரேட்டிங் பாத்தா ஆள் செத்தாச்சு. ஆனா அந்த வருசங்கள்ல தான் புது நாவல் வரிசையா வந்தது, 1999-ல இருந்து ஆடியோ நாடகம் வந்தது. காசு குடுத்து வாங்கினது யாரு?

ஸ்டார் ட்ரெக்கும் அப்படித்தான். 1966-ல வந்தது, ரேட்டிங் சுமார். ரெண்டாம் சீசனோட நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு வரவும் ரசிகர்கள் கடிதமா எழுதிக் குவிச்சாங்க. மூணாவது சீசன் கிடைச்சது, ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குத் தள்ளிட்டாங்க. 1969-ல 79 எபிசோடோட முடிஞ்சது. அதுக்கப்புறம் மறுஒளிபரப்புல தான் கூட்டம் பெருகி, 1972 ஜனவரியில நியூயார்க்ல ரசிகர் மாநாடே நடந்தது.

எத்தனை பேருங்கிறது ஒண்ணு, எவ்வளவு ஆழம்ங்கிறது வேற. பிரிட்டன்லயே பாத்தவங்க எண்ணிக்கை தனி, பாத்தவங்களுக்கு எவ்வளவு பிடிச்சதுன்னு 100-க்குப் போடுற மதிப்பெண் தனி. ஃபார்ம்லயும் ‘பிடிக்குமா’ன்னு கேக்காண்டாம். போன 30 நாள்ல ஒரு எபிசோடாவது பாத்தியா, 2005-க்கு முந்தினது பாத்திருக்கியா, காசு போட்டு எதாவது வாங்கினியா, இப்படி செஞ்சதைக் கேளுங்க.

குளச்சல்_காத்து
வாங்கினது கணக்குல வருமா? டவுன்லோட் பண்ணினவன் ரசிகன் இல்லையா?

குழித்துறை_டார்டிஸ்
நியாயம் தான் ஓய். ‘வாங்கினியா, இறக்கினியா’ன்னு ரெண்டையும் போடச் சொல்லலாம். பதில் உண்மையா வருமாங்கிறது வேற விசயம்.

வடசேரி_வாசகி
ரிவ்யூ முடிஞ்சது. காலேஜ்ல ஆறு வகுப்பைச் சீட்டு குலுக்கி எடுத்து புது ஃபார்ம் குடுத்தேன். முக்காவாசிப் பேர் தொடர் பேரையே கேள்விப்பட்டதில்ல, அதையும் அப்படியே அட்டவணையில போட்டேன். எண்ணிக்கை ஒரு பத்தி, ஆழம் ஒரு பத்தி, ரெண்டையும் கூட்டல. மேடம் முதல்ல முகம் சுளிச்சாங்க. பழைய 2020 மலைப் படத்தை அழிக்காம பின்னிணைப்புல வச்சிருந்தேன். ரொம்ப நேரம் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் போனை எடுத்து அவங்களே தேடிப் பாத்தாங்க. அது சென்னைன்னு காட்டிச்சு.