கலிபோர்னியாவில் பேட்டரி இல்லாமல் சோலார் போட்டால் நஷ்டமா?

கூரைவெயில் (ஃப்ரீமான்ட்)
வணக்கம். கூரையில் 6 கிலோவாட் சோலார் போடப் போகிறேன். விலை கேட்ட இடத்தில் எல்லாம் பேட்டரியையும் சேர்த்தே தலையில் கட்டப் பார்க்கிறார்கள். பேட்டரிக்கு மட்டும் 13,000 டாலர். மத்திய அரசின் 30 சதவீத வரிச்சலுகையும் 2025 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது. எனக்குப் பேட்டரி வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. நானும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். கார் சார்ஜ், துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாவற்றையும் காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் இடையில் முடித்துவிட முடியும். வெயில் இருக்கும்போதே செலவழிக்கிறவருக்குச் சேமித்து வைக்க என்ன தேவை? மறுப்பவர்கள் கணக்கோடு மறுக்கவும்.

மின்கணக்கு (சான் ஹோசே)
நான் மறுக்கிறேன். 2023 ஏப்ரல் 15க்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் நெட் மீட்டரிங். பகலில் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்வலைக்கு, அனுப்பிய யூனிட்டுக்கு வாங்கும் விலைக்கு நெருக்கமாகவே வரவு வைத்தார்கள். அதன் பிறகு வருகிறவர்களுக்கு நெட் பில்லிங். அனுப்பும் யூனிட்டின் மதிப்பு சராசரியாக 75 சதவீதம் சரிந்துவிட்டது.

மாலை 4 முதல் 9 வரை பீக் விலை, மற்ற நேரம் குறைந்த விலை, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் பலரும் பேட்டரியைக் கணக்குப் போடுகிறார்கள். குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் மிகச் சிறியது, அதனால் பேட்டரி வீண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சோலார் வீட்டுக்கு அது சரியான கணக்கு இல்லை. நீங்கள் விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். உதாரணத்துக்கு மதியம் விற்பது 6 சென்ட், மாலையில் வாங்குவது 45 சென்ட் என்று வையுங்கள். 11 யூனிட் ஏற்றினால் இழப்பு போக 10 யூனிட் திரும்பக் கிடைக்கும். விற்காமல் விட்டது 66 சென்ட், வாங்காமல் தவிர்த்தது 4 டாலர் 50 சென்ட். நாளுக்கு 3.84 டாலர் லாபம். வருடத்தில் 300 நாள் அப்படி ஓடினால் 1,150 டாலருக்கு மேல்.

கூரைவெயில்
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 13,000ஐ 1,150ஆல் வகுத்தால் 11 வருடத்துக்கு மேல். பேட்டரிக்குப் பொதுவாக 10 வருடம்தான் வாரண்டி. அதோடு, பெரிய செலவையெல்லாம் பகலுக்கு நகர்த்திய பிறகு என் வீட்டில் மாலைத் தேவை 6 யூனிட்டைத் தாண்டாது. ஃப்ரீமான்டில் ஏசி அதிகம் ஓடாது. அப்போது நாளுக்கு 2.30, வருடத்துக்கு 690 டாலர். போட்ட பணம் திரும்பப் பத்தொன்பது வருடம் ஆகும். அதுவரை எந்தப் பேட்டரி உழைக்கும்?

மின்கணக்கு
ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளை விட்டுவிட்டீர்கள். நெட் பில்லிங்கில் அனுப்பும் விலை மாதத்துக்கு மாதம், மணிக்கு மணி மாறும். வார நாளுக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று. ஆக, வருடத்துக்கு 576 விலைகள். கோடையின் கடைசியில் ஒரு சில மாலை மணி நேரங்களுக்கு யூனிட்டுக்கு 1 டாலருக்கு மேலும் வைத்திருந்தார்கள். பேட்டரி இருந்தால்தான் அந்த நேரத்தில் அனுப்பவே முடியும்.

சூடானஊர் (ஃப்ரெஸ்னோ)
ஃப்ரீமான்ட் நண்பர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. இங்கே ஜூலையில் 40 டிகிரி, ராத்திரி 8 மணிக்கும் சுவர் சுடும். ஏசி மட்டும் பீக் நேரத்தில் 15 யூனிட் தின்னும். குழந்தைகள் பள்ளி விட்டு வரும் நேரமும் சமையல் நேரமும் அதே ஐந்து மணி நேரம்தான். பகலுக்கு நகர்த்து என்று எளிதாகச் சொல்கிறீர்கள், வெக்கையை எங்கே நகர்த்துவது? மதியம் 2 மணிக்கே வீட்டை நன்றாகக் குளிர்வித்து வைப்போம். அது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். எங்களைப் போன்ற வீட்டில் பேட்டரி தினமும் முழுதாகக் காலியாகிறது. முழுதாகக் காலியாகும் பேட்டரிதான் போட்ட பணத்தைத் திருப்பித் தரும்.

நதிக்கரை (சாக்ரமென்டோ)
எங்கள் பகுதிக்கு மின்சாரம் தருவது ஸ்மட் என்ற பொது நிறுவனம். இங்கே பீக் வார நாளில் மாலை 5 முதல் 8 வரை மட்டும். 2022 முதல் புதிதாகச் சோலார் போடுகிறவர்கள் கிரிட்டுக்கு அனுப்பும் யூனிட்டுக்கு 7.4 சென்ட் என்றார்கள். வாங்கும் விலையும் உங்கள் பக்கத்தைவிட நன்றாகக் குறைவு. இடைவெளி சிறியது என்பதால் பேட்டரிக் கணக்கு இன்னும் மெதுவாகத்தான் நகரும். கலிபோர்னியா என்று ஒரே மூச்சில் பேசாதீர்கள், யாருடைய மீட்டர் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

வாடகைவீடு (ஓக்லண்ட்)
கூரை இல்லாத எங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? சோலார் வீடுகள் செலுத்தாமல் விட்ட மின்கம்பிச் செலவும் காட்டுத்தீத் தடுப்புச் செலவும் மற்றவர்கள் தலையில் விழுகிறது. 2024இல் அது 8.5 பில்லியன் டாலர் என்று மின் நுகர்வோருக்காக வாதாடும் மாநிலத்தின் பப்ளிக் அட்வகேட்ஸ் அலுவலகமே மதிப்பிட்டது. விற்கும் விலையைக் குறைத்தது நியாயம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மின்கணக்கு
அந்த மதிப்பீட்டைச் சோலார் தரப்பு ஏற்கவில்லை. சோலார் வீடுகள் தாங்களே உண்டாக்கித் தாங்களே செலவழிக்கும் மின்சாரத்தையும் இழப்பாக எண்ணுவது சரியா என்பதில்தான் சண்டை. ஆனால் உங்கள் கவலை நியாயமானது. அதற்குப் பதில் பேட்டரியில்தான் இருக்கிறது என்கிறேன். 2022 செப்டம்பர் 6 நினைவிருக்கிறதா? மாநிலத்தின் பெரும்பகுதிக்கான கிரிட்டில் தேவை 52,061 மெகாவாட், அதுவரை இல்லாத உச்சம். மின்சாரத்தைக் குறையுங்கள் என்று மாலையில் கோடிக்கணக்கானோர் கைப்பேசிக்கு அவசரச் செய்தி வந்தது. மதியம் வழிகிற சோலார், வெயில் இறங்கியதும் காணாமல் போகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பும் ஒவ்வொரு வீட்டுப் பேட்டரியும் வாடகை வீட்டுக்காரருக்கும் உதவுகிறது.

வாடகைவீடு
உதவும், அந்த நேரத்தில் வெளியே விட்டால். "கரண்ட் போனால் வேண்டும்" என்று பாதியைப் பூட்டி வைக்கும் பேட்டரியால் எனக்கு என்ன? அப்புறம், கிரிட் அளவிலான பெரிய பேட்டரிகள் 2024லேயே மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைத் தொட்டுவிட்டன. யூனிட் கணக்கில் அவை வீட்டுப் பேட்டரியைவிட மலிவு. மானியம் தருவதென்றால் அங்கே தரட்டும்.

மலையடி (நெவாடா சிட்டி)
பூட்டி வைக்கிறவர்களில் நானும் ஒருத்தி, ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கம் காற்று பலமாக அடித்தால் காட்டுத்தீ பயத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். 2019 இலையுதிர் காலம் முழுக்க அதைப் பார்த்தோம். அம்மாவுக்கு ஆக்சிஜன் இயந்திரம். கூரையில் சோலார் இருந்தும் வீடு இருட்டாகத்தான் கிடந்தது. கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, கிரிட் நின்றதும், சோலார் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சாதாரண இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் உதவும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நான் தீக்காலத்தில் பேட்டரியின் 60 சதவீதத்தைத் தொடுவதில்லை. பணக்கணக்கில் அது நஷ்டம்தான். அம்மாவின் மூச்சை நான் சென்ட் கணக்கில் பார்க்க மாட்டேன்.

கூரைவெயில்
மலையடி அம்மா, உங்கள் நிலையில் நானும் அதைத்தான் செய்வேன். என் தெருவில் கரண்ட் போவது அபூர்வம். சரி, என் முடிவைக் கொஞ்சம் மாற்றுகிறேன். 6 கிலோவாட் வேண்டாம், பகல் செலவுக்குப் போதுமான 4 போதும். 6 சென்ட்டுக்கு விற்பதற்காகக் கூடுதல் பேனல் எதற்கு?

மின்கணக்கு
அங்கேயும் எனக்கு உடன்பாடு இல்லை. கூலியும் அனுமதிக் கட்டணமும் 4க்கும் 6க்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடுத்த வருடம் இரண்டாவது மின்கார் வந்தால் 4 போதாது. பேட்டரி இப்போது வேண்டாம் என்றால் சரி, ஆனால் பின்னால் பேட்டரி இணைக்கக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டராகக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் மின் நிறுவனத்தின் தளத்தில் 'கிரீன் பட்டன்' வழியாக ஒரு வருடத்தின் மணிவாரிச் செலவை இறக்கி இங்கே போடுங்கள். மாலைத் தேவை 6 யூனிட்தானா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கூரைவெயில்
இன்று இரவே இறக்கிப் போடுகிறேன். ஆனால் டிசம்பரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மழை மாதத்தில் உங்கள் பேட்டரி எத்தனை நாள் நிரம்பும் என்பதையும் அதே தாளில் நீங்கள் காட்ட வேண்டும்.